திருமலைக்கு ஒரு நாள்



எமது மாதாந்தக் கூட்டமொன்றில், "திருகோணமலை என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகின்றது?" என்று கேட்டேன். கோணேசர் கோயில் என்றனர் சிலர். ஒரு தங்கச்சி துறைமுகம் என்றார். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், "பஸ் ஸ்டாண்ட், போட்டோக் கொப்பிக் கடை, கச்சேரி, ஆஸ்பத்திரி" என்று விரல் மடித்து எண்ணினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் எங்களில் பலருடைய திருகோணமலை. சுற்றுலாப் பயணிகளுக்கு அச்சடிக்கும் வரைபடங்களில் போட்டோக் கொப்பிக் கடை இருப்பதில்லை.

அந்த அக்கா மூதூர் கிழக்கைச் சேர்ந்தவர். 2006ஆம் ஆண்டு சண்டை தொடங்கியபோது மூன்று பிள்ளைகளுடன் வாகரைக்கு ஓடியவர். அங்கிருந்து மட்டக்களப்பு முகாம், பிறகு கிளிவெட்டி முகாம் என்று அலைந்து, சொந்தக் காணியில் மீண்டும் கால் வைக்கக் கிட்டத்தட்டப் பத்து வருடங்கள் சென்றன. கணவர் அதே 2006இல் காணாமற் போனவர். காணி கணவரின் பெயரில் இருக்கின்றது.

2025 ஆடி மாதம் ஒரு நாள் அந்தக் காணி அலுவலாக இருவரும் நகரத்துக்குப் போனோம். புறப்படும்போதே அவர் ஒரு நிபந்தனை போட்டார். "மிஸ், அலுவல் முடிஞ்சா எனக்கு ஒருக்கா கோணேசர் கோயிலக் காட்டோணும். சின்னனில அம்மாவோட போனது, ஒண்டும் ஞாபகமில்ல. அதுக்குப் பிறகு திருமலைக்கு எத்தின தரம் வந்திருப்பன். ஒண்டையும் பாக்கல்ல."

காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினோம். இப்போது மூதூரிலிருந்து கிண்ணியா ஊடாக நேராக நகரத்துக்குப் போய்விடலாம். இதை இன்றைய பிள்ளைகள் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 2009 ஐப்பசி மாதத்தில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரைக்கும் அந்த இடத்தில் பாதைதான் ஓடியது. பாதை என்று நாம் சொல்வது இரும்பு மிதவையை. வாகனமும் ஆளும் ஆடும் மாடும் அதில்தான் ஏறவேண்டும். கிண்ணியாவுக்கு அங்கால் மூதூர் வரைக்கும் வழியிலுள்ள ஆறுகளுக்கும் பாலங்கள் பின்னர்தான் வந்தன. அதற்கு முன்னர் மூதூர்ச் சனங்கள் லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்தே திருமலைக்குப் போனார்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் எடுக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் சத்தி எடுக்காதவர்கள் குறைவு. அக்கா தன் மூத்த பிள்ளையின் பிரசவத்துக்கு லோஞ்சில் வலியோடு போனதைச் சொல்லிக்கொண்டு வந்தார். "கரை தெரியுது, ஆனா வருகுதில்ல மிஸ்" என்றார்.

பாலம் வந்ததால் எல்லா நீரும் கடந்தாயிற்று என்றும் சொல்லமுடியாது. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் 2021 கார்த்திகை மாதம் 23ஆம் திகதி இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் அவர்கள். பாலத்தின் மேல் பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

சீனக்குடாவைக் கடக்கும்போது இடது புறமும் வலது புறமும் பார்க்கச் சொல்லி அக்காவுக்குக் காட்டினேன். காட்டுக்குள் பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக் கப்பல்களுக்காகக் கட்டியவை. ஏறத்தாழ நூறு தாங்கிகள். இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 சித்திரை 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்துக்கும் சீனக்குடாவுக்கும் குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. எங்களுடைய யுத்தத்துக்கு முன்னரும் இந்த ஊர்ச் சனங்கள் விமானச் சத்தத்துக்கு ஓடியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அக்கா அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அவருடைய கண் பிறிமா மா ஆலையில் இருந்தது. 1980இல் இயங்கத் தொடங்கிய ஆலை அது. கோதுமையோடு வரும் கப்பல் ஆலையின் பக்கத்திலேயே கட்டப்படும். இந்த நாட்டின் பாணுக்கு வேண்டிய மாவில் பெரும்பங்கு நீண்ட காலம் அங்கேதான் அரைபட்டது. "முகாமில நிவாரண மாவில எத்தின ரொட்டி சுட்டிருப்பன்" என்றார். உலகத்துக்குத் தெரிந்த இந்தத் துறைமுகத்தால் எங்கள் குசினிக்கு வந்து சேர்ந்தது அந்த மா ஒன்றுதான் போலும்.

நகரத்தில் இறங்கியதும் வழமையான ஓட்டம். அதை நீட்டி எழுதத் தேவையில்லை, உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கவுண்டரில் இன்னொரு கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பிரதி குறைவு என்றார்கள். கடைசியாக ஓர் உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மரணச் சான்றிதழ் எடுத்தால் இந்த வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது. கோப்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். காணாமற் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. பல பெண்கள் அதை ஏற்கவில்லை. அதன் பிறகு 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவர் காணாமற் போயுள்ளார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றுக்கு இடமளிக்கப்பட்டது. குடும்பத்தவர் அதை வைத்துச் சில அலுவல்களைப் பார்த்துக்கொள்ளலாம். எதை எடுப்பது, எடுக்காமல் விடுவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. எது சுலபம் என்று சொல்ல மற்றவர்களுக்கு வாய் இருக்கின்றது. கையெழுத்து வைப்பவள் அவள்தானே. இரண்டாவது சான்றிதழ் இருக்கின்றது என்பதே எங்கள் கிராமங்களில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகின்றேன். உங்கள் பகுதியில் வேலை செய்யும் சட்ட உதவிக்காரரிடம் அல்லது பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வெளியே வந்தபோது மதியமாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அக்கா வேண்டாம் என்றார். காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்கவில்லை. காரணம் கேட்க வேண்டியதில்லை. நகரத்தில் எங்கே மலசலகூடம் இருக்கின்றது, அது பூட்டியிருக்குமா, திறந்திருந்தாலும் உள்ளே கால் வைக்கலாமா என்ற கணக்கிலேயே எங்கள் பெண்கள் நாள் முழுவதும் வரண்ட தொண்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். சமூகவியல் வகுப்பில் நகரமயமாக்கம் பற்றி ஒரு வருடம் படித்தேன். இந்தக் கணக்கை ஒருவரும் சொல்லித்தரவில்லை. தெரிந்த சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போய், முதலில் அந்த அலுவலை முடித்து, சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்த பிறகுதான் அக்காவுக்குக் கதை வந்தது.

கோட்டைக்கு நடந்தே போனோம். கடற்கரை வழியில் காந்தி சிலை வந்ததும் அக்கா நின்றார். 2006 தை மாதம் 2ஆம் திகதி மாலை, ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். அந்த வருடத்தின் இரண்டாவது நாள். "எங்களுக்கு அந்த வரியம் இஞ்சயிருந்துதான் தொடங்கினது" என்று சொல்லிவிட்டு நடந்தார். மாலையில் வந்தால் இதே கடற்கரையில் குடும்பம் குடும்பமாக இருந்து கடலை சாப்பிடுவார்கள். மூன்று இனத்துப் பிள்ளைகளும் பட்டம் விடுவார்கள். இரண்டும் ஒரே மணல்தான்.

பிரடெரிக் கோட்டை வாசலில் மான்கள் நின்றன. புள்ளிமான்கள். கோட்டைக்குள்ளும் வெளியே தெருக்களிலும் அவை மாடுகளைப் போலத் திரிகின்றன. சந்தையில் எறியும் மரக்கறிக் கழிவைத் தின்னும், பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். அதனால் சாகின்ற மான்களும் உண்டு. அக்கா தன் பையிலிருந்த வாழைப்பழத்தோலைக் கொடுக்க, ஒன்று வந்து கையை முகர்ந்தது. சிறு பிள்ளையைப் போலச் சிரித்தார்.

அந்த வாசலில்தான் நான் காட்ட விரும்பியது இருந்தது. பக்கத்துக் கல்லில் மீன் உருவம் பொறித்திருக்கின்றது. பாண்டியர்களின் இலச்சினை. அருகில் சிதைந்துபோன தமிழ் எழுத்துக்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் மீனுக்கு என்ன வேலை? மலையில் இருந்த பெரிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். சித்திரைப் புத்தாண்டு அன்று சுவாமி ஊர்வலமாக நகருக்குள் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1782ஆம் ஆண்டில் மட்டும் தை மாதம் ஆங்கிலேயர் கைக்கும் ஆவணி மாதம் பிரான்சியர் கைக்கும் மாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். 1957 வரைக்கும் அவர்களுடைய கடற்படைத் தளம். எந்தக் காற்றுக் காலத்திலும் பெரிய கப்பல்கள் பயமில்லாமல் ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழமான துறைமுகம் என்பதுதான் இவ்வளவுக்கும் காரணம். அக்கா மீனைத் தொட்டுப் பார்த்தார். "இடிச்சவங்களே கொண்டுவந்து வாசலில வச்சிருக்காங்க" என்றார்.

யுத்த காலத்தில் இதே வாசலில் அடையாள அட்டையும் சோதனையும் இல்லாமல் கோயிலுக்குப் போகமுடியாது. இப்போது அர்ச்சனைத் தட்டோடு தாராளமாகப் போகின்றார்கள். இடிபட்டபோது அடியார்கள் புதைத்து வைத்தவை என்று நம்பப்படும் விக்கிரகங்கள் சில 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்தன. இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அக்கா நெடுநேரம் கும்பிட்டார். நான் இராவணன் வெட்டுப் பக்கம் போய் நின்றேன். கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அவ்வளவு உயரமும் நீல நிறமும்.

அந்த மலையுச்சியைப் பற்றி வெள்ளைக்காரர் விரும்பிச் சொல்லும் கதையொன்று உண்டு. பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்து அதிகாரியின் மகள், காதலித்தவன் தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிப் போவதைப் பார்த்து இங்கிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. 1687ஆம் ஆண்டையும் அவள் பெயரையும் ஒரு தூணில் பொறித்து வைத்தார்கள். அந்தத் தூண்கூட இடித்த கோயிலின் தூண் என்பார்கள். ஆனால் ஒல்லாந்து ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்கள், அவள் சில வருடங்களின் பின் வேறொருவரைத் திருமணம் செய்து வாழ்ந்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். செத்த பெண்ணின் கதைக்குத்தான் ஊரில் மதிப்பு, பிழைத்துக்கொண்ட பெண்ணை யார் கதையாகச் சொல்கிறார்கள் என்ற என்னுடைய வழமையான பிரசங்கத்தைத் தொடங்கினேன். அக்காவின் கவனம் அதில் இல்லை.

"அப்ப கல்லில எழுதினாலும் பிழை வரும் எண்டுதானே மிஸ்?"

நான் பேச்சை நிறுத்தினேன். காலையில் அந்தக் கவுண்டரில் நடந்தது என் மனதில் வந்தது. ஓம் என்றும் சொல்லமுடியவில்லை, இல்லை என்றும் சொல்லமுடியவில்லை.

பொழுதுபட முன்னர் பஸ் எடுத்தோம். மூதூரை நெருங்க இருட்டிவிட்டது. அக்கா திரும்பவும் கேட்டார். "மூதூரில வெள்ளைக்காரன் மரம் எண்டு சொல்லுவாங்க. அது என்ன கதை?" நானும் யோசிக்காமல் சொல்லத் தொடங்கிவிட்டேன். 1660இல் பாய்மரம் முறிந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கியது. அதன் கப்பித்தான் ஒரு புளியமரத்தின் கீழ் இருந்தபோது கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கூட வந்தவர்களும் அகப்பட்டார்கள். அவர்களில் கப்பித்தானின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் மலைநாட்டுக் கிராமங்களில் காவலில் வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்வது போல வழியை அறிந்துகொண்டு, 1679இல் அநுராதபுரக் காட்டால் நடந்து மன்னாரில் அரிப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு இலண்டனுக்குப் போய் இந்த நாட்டைப் பற்றிப் புத்தகமும் எழுதினான்.

சொல்லி முடித்த பிறகுதான் அக்கா விரல் மடித்து எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

"பத்தொம்பது வரியம்" என்றார்.

2006இலிருந்து 2025. எனக்கு உடம்பு கூசியது. உளவளத்துணைப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, பொய்யான நம்பிக்கை கொடுக்கவும் கூடாது, இருக்கின்ற நம்பிக்கையைப் பிடுங்கவும் கூடாது என்பது. நான் பஸ்ஸில் பொழுது போகட்டும் என்று ஒரு கதையைச் சொல்லி இதைச் செய்துவிட்டேன். "அக்கா, அது வேற காலம், வேற விஷயம்" என்று தொடங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "பயப்பிடாதீங்க மிஸ், எனக்கு விசர் இல்ல. அவர் வருவார் எண்டு நான் சொல்லல்ல. செத்திட்டார் எண்டு நான் கையெழுத்துப் போட மாட்டன். அவ்வளவுதான். மத்தச் சான்றிதழ் எண்டு சொன்னீங்களே, அதுக்கு என்ன என்ன கொண்டு வரோணும்?"

தேவையானவற்றை அந்த இருட்டிலேயே போனின் வெளிச்சத்தில் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவர் திரும்பவும் நகரத்துக்கு வந்தார். இந்த முறை தன் ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களில் ஒருவருக்கும் அதே அலுவல். மூவரும் தண்ணீர்ப் போத்தல் கொண்டு வந்திருந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்கு அக்காவே வழி காட்டினார். மதியத்துக்குப் பிறகு கோட்டை வாசலுக்குப் போனோம். எந்தக் கல்லில் மீன் இருக்கின்றது, யார் இடித்தது, யார் கட்டியது என்று மற்ற இருவருக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒல்லாந்தருக்குப் பதிலாக ஒரு இடத்தில் ஆங்கிலேயர் என்று சொன்னார், நான் திருத்தவில்லை. மூன்று பேருடைய கோப்புகளும் என் கையில் இருந்தன. ஒரு மான் வந்து அவற்றை முகர்ந்து பார்த்ததால், அவற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.